பத்தோஜென்வாட்ச்: நெருப்புக்காய்ச்சல் கிருமியின் வம்சாவளியைக் காட்டும் இணையச் சேவை – யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

எச்.544 என்ற நோய் அறிவிப்புப் படிவத்தில் நெருப்புக்காய்ச்சல் (டைபாய்ட்) என்று எழுதி அறிவிக்கப்படும் நோயாளியின் வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் போகிறார். கிணற்றைப் பார்க்கிறார், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்க்கிறார், கடந்த மூன்று கிழமைகளில் எங்கெங்கே சாப்பிட்டீர்கள், எங்கெங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்கிறார். கடைசிக் கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைப்பது அரிது. கிருமி உடலுக்குள் போய்க் காய்ச்சலாக வெளிப்பட ஒன்று முதல் மூன்று கிழமைகள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். அதற்கிடையில் ஒரு கோயில் திருவிழா, ஒரு கலியாண வீடு, இரண்டு மூன்று குளிர்பானக் கடைகள் எல்லாம் வந்து போயிருக்கும். ஒரே ஊரில் ஒரே மாதத்தில் ஐந்து பேருக்கு இந்நோய் வந்தால், அந்த ஐந்தும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா, அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக ஒரே மாதத்தில் விழுந்தவையா என்பதைக் கேள்வி பதிலால் மட்டும் தீர்க்க முடிவதில்லை. அந்தக் கேள்வியின் ஒரு பாதியையாவது கிருமியிடமே கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் பத்தோஜென்வாட்ச் என்ற இலவச இணையச் சேவையைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்ற நிலையில் இருந்துகொண்டே இதை மதிப்பிடுகிறேன். நான் உயிர்த்தகவலியலில் பட்டம் பெற்றவள் அல்லள்.

இதை உருவாக்கிப் பேணுவது, நோய்க்கிருமிகளின் மரபணுத்தொகுதிகளைக் கண்காணிப்பதற்கென இங்கிலாந்தில் இயங்கும் ஓர் ஆய்வு நிலையம். பல வகைப் பக்டீரியாக்களை இது கையாளுகிறது என்றாலும், நெருப்புக்காய்ச்சலை உண்டாக்கும் சல்மொனெல்லா டைபிக்கான பகுதி தனிக் கவனத்துடன் செய்யப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிய விரிவான ஆய்வுக்கட்டுரை 2021இல் வெளியானது. சேவை செய்வது இதுதான்: நோயாளியின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியின் டி.என்.ஏ. முழுவதையும் வேறெங்காவது வரிசைப்படுத்தி, கிடைத்த கோப்பை இங்கே ஏற்றினால், அது எந்த இனம், எந்த வம்சம், எந்த மருந்துகளுக்கு அடங்காது, உலகில் இதுவரை வெளியிடப்பட்ட கிருமிகளில் எவற்றுக்கு நெருங்கிய உறவு என்பவற்றை அட்டவணையாகவும் மரவரைபடமாகவும் தேசப்படமாகவும் காட்டுகிறது. வரிசைப்படுத்தும் வேலையை இது செய்யாது. அதற்கான கருவியும் இரசாயனப் பொருள்களும்தான் செலவு பிடிப்பவை என்பதால், இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என்னிடம் யாழ்ப்பாணத்து நோயாளிகளின் மரபணுத் தரவு எதுவும் இல்லை. ஆகவே பொதுத் தரவுத்தளங்களில் எவரும் எடுக்கக்கூடியவாறு வைக்கப்பட்டுள்ள தொகுதிகளையே பதிவிறக்கிப் பரிசோதித்தேன். முதலில் எடுத்தது சி.டி.18 என்ற கிருமி. 1993இல் வியட்நாமில் ஒரு நோயாளியிடமிருந்து பெறப்பட்ட இதன் முழு வரிசை 2001இல் வெளியானது. சல்மொனெல்லா டைபியின் மரபணுத்தொகுதி முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது அப்போதுதான். டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் எழுதினால் ஏறத்தாழ 48 இலட்சம் எழுத்துகள். தொகுத்து முடித்த ஃபாஸ்டா கோப்பு (அந்த எழுத்துகளை வரிசையாகக் கொண்ட உரைக்கோப்பு) என்றால் ஐந்து மெகாபைட் அளவுதான் வரும், ஒரு கைப்பேசிப் படத்தைப் போல. கொக்குவிலில் என் வீட்டு இணைப்பிலேயே சிரமமின்றி ஏறியது. கருவியிலிருந்து நேரே துண்டு துண்டாக வரும், இன்னும் தொகுக்கப்படாத வாசிப்புகளையும் சேவை ஏற்றுக்கொள்கிறது, தொகுக்கும் வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அவை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாபைட் வரும். மின்சாரமும் இணைப்பும் விட்டுவிட்டு வரும் இடத்தில் அதை இரவில் போட்டுவிட்டுப் படுப்பதே புத்தி. வன்பொருள் விடயத்தில் இது பெரிய ஆறுதல். கணிப்பு எல்லாம் அவர்களுடைய கணினியில் நடப்பதால், எட்டு வருடம் பழகிய என் மடிக்கணினிக்கு உலாவியைத் திறந்து வைத்திருப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

கோப்புகளுடன் இடம், திகதி முதலிய விபரங்களை ஒரு சி.எஸ்.வி. அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். பயிற்சிக்காகச் சில வெளிநாட்டுக் கிருமிகளுக்கு வலிகாமத்து இடங்களைக் கற்பனையாகக் கொடுத்துப் பார்த்தபோது, அகலாங்கையும் நெட்டாங்கையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். புள்ளிகள் எல்லாம் நோர்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளின் கரையோரப் பனிக்கடலில் போய் விழுந்தன. யாழ்ப்பாணத்தவர் நோர்வேக்குப் போவது புதிதில்லைத்தான். இவ்வளவு வடக்கே எவரும் போனதாக நான் கேள்விப்படவில்லை. பிழை முழுக்க என்னுடையது. ஆனால் உண்மையான நோய்ப்பரவலின்போது இப்படி ஒரு பிழை விடப்பட்டு, புள்ளிகள் கடலில் விழாமல் பக்கத்து ஊரில் விழுந்திருந்தால் எவருக்கும் சந்தேகமே வந்திருக்காது என்பதை அன்று உணர்ந்தேன்.

பெறுபேறுகளில் முதலில் பார்க்க வேண்டியது வம்ச இலக்கம். ஜெனோடைபி என்ற வகைப்படுத்தும் முறை 2016இல் வெளியிடப்பட்டது, மரபணுத்தொகுதியில் தெரிவுசெய்யப்பட்ட 68 இடங்களில் உள்ள எழுத்துகளை மட்டும் பார்த்து, கிருமியை ஒரு வம்சத்திலும் அதன் கிளையிலும் உபகிளையிலும் வைப்பதாக அது தொடங்கியது, பின்னர் விரிவாக்கப்பட்டுள்ளது. இலக்கத்தை நம்மூர் விலாசத்தைப் போல வாசிக்கலாம்: 4 என்றால் வீதி, 4.3 என்றால் ஒழுங்கை, 4.3.1 என்றால் படலை. இந்த 4.3.1 என்ற படலையைத்தான் பழைய நூல்கள் எச்58 என்று குறிப்பிடுகின்றன. 63 நாடுகளிலிருந்து பெறப்பட்ட 1,832 கிருமிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரையில் ஏறத்தாழப் பாதிக் கிருமிகள் இந்த ஒரே வம்சத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. தெற்காசியாவில் கிளைத்துப் பெருகி, ஆபிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் போய் ஊன்றிக்கொண்ட வம்சம் இது. 2022இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, மருந்துகளுக்கு அடங்காத டைபிக் கிருமிகள் 1990 முதல் ஏறத்தாழ 200 தடவைகள் நாடு விட்டு நாடு தாண்டியிருப்பதாகக் கணித்தது. இந்தப் பயணங்களை எந்தத் துறைமுகத்துப் பதிவேடும் சொல்லவில்லை. கிருமியின் எழுத்துகளில் இருந்த மாற்றங்களை ஒப்பிட்டே கண்டுபிடித்தார்கள்.

சேவையின் பலத்தைப் பரிசோதிக்க, பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 நவம்பரில் தொடங்கிய பரவலின் கிருமிகளை எடுத்தேன். குளோரம்பெனிக்கோல், அம்பிசிலின், கோட்ரைமொக்சசோல் ஆகிய பழைய மூன்றுக்கும், சிப்ரோபுளொக்சசின் வகைக்கும், செஃப்ட்ரையக்சோனுக்கும் ஒருங்கே அடங்காத, எக்ஸ்.டி.ஆர். என்று பெயர் பெற்ற கிருமி அது. வாயால் கொடுக்கும் மருந்துகளில் அசித்ரோமைசின் ஒன்றே நம்பத்தக்கதாக எஞ்சியது. ஏற்றிய கோப்புகளுக்கு எதிரே 4.3.1.1.பி1 என்ற இலக்கம் வந்தது. எதிர்ப்புச் சக்தி அட்டவணையில் செந்நிறப் புள்ளிகள் வரிசையாக எழுந்தன. செஃப்ட்ரையக்சோனுக்கு எதிரான சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற மரபணுவையும் பெயர் சொல்லிக் காட்டியது. அந்த மரபணு கிருமியின் சொந்தச் சொத்தன்று. குடலில் வாழும் ஈ. கோலி போன்ற வேறு பக்டீரியாவிடமிருந்து பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையமாகக் கைமாறி வந்தது. ஏற்கெனவே நன்கு பரவிப் பழகிய எச்58 கிருமி ஒன்று இந்த வளையத்தை வாங்கிக்கொண்டதால் வந்த வினை அது. வம்சம் ஒரு நிரலிலும் வளையம் இன்னொரு நிரலிலும் தெரிவதால் இந்தக் கதையை அட்டவணையிலேயே வாசித்துவிட முடிகிறது. எங்கள் பயிற்சி மாணவர்களுக்கு இதைக் காட்டியபோது, பிளாஸ்மிட் பற்றிய ஒரு மணி நேர விரிவுரை செய்யாததை ஒரு திரை செய்தது.

மருந்து பற்றிய இந்தக் கணிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? தெரிந்த மரபணுக்களும் தெரிந்த மாற்றங்களும் இருக்கின்றனவா என்று மட்டுமே சேவை தேடுகிறது. சிப்ரோபுளொக்சசினுக்கு எதிரான மாற்றங்கள் நெடுநாள் அறியப்பட்டவை. ஆகவே அங்கே குறை சொல்ல அதிகம் இல்லை. அசித்ரோமைசின் விடயம் அப்படியன்று. அதற்கு எதிராக ஏ.சி.ஆர்.பி. என்ற மரபணுவில் ஒரேயோர் இடத்தில் நிகழும் மாற்றம் பங்களாதேசத்துக் கிருமிகளில் கண்டறியப்பட்டு 2019இல்தான் வெளியானது. அதற்கு முந்தைய நாள் வரை உலகின் எந்தப் பட்டியலிலும் அது இருந்திராது. செம்புள்ளி இல்லை என்பதற்கு, இன்றைய பட்டியலில் உள்ள எதுவும் இல்லை என்பதே பொருள். தட்டில் மருந்து வில்லை வைத்துக் கிருமி வளராத வட்டத்தை அளவுகோலால் அளக்கும் பழைய வேலையை இது நீக்கிவிடாது. கட்டில் பக்கத்துத் தீர்மானத்துக்காக இதைத் திறக்கவும் கூடாது.

இனி, இந்தச் சேவையை நான் எதற்காகத் தேடிப் போனேனோ அதற்கு வருகிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மரவரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி பிள்ளை, எந்தக் கிணறு எண்டு இது சொல்லுமோ?” என்று கேட்டார். சொல்லாது. ஏன் சொல்லாது என்பதை அவருக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே இந்தக் கருவியின் எல்லை தெளிவாகப் புரிந்தது.

சல்மொனெல்லா டைபி மிக மெதுவாக மாறும் கிருமி. 48 இலட்சம் எழுத்துகளில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ அரை எழுத்துத்தான் மாறுகிறது. அதாவது ஓர் எழுத்து மாற இரண்டு ஆண்டளவு ஆகலாம். ஆகவே இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே ஓரெழுத்து வேறுபாடு கூட இல்லை என்று மரம் காட்டினால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்றோ இருவரும் ஒரே கடையில் சாப்பிட்டார்கள் என்றோ முடிவு செய்ய இடமில்லை. இருவருடைய கிருமிகளும் அண்மைய ஆண்டுகளில் ஒரே மூதாதையைக் கொண்டிருந்தன என்ற அளவுக்குத்தான் அது சான்று. மறுபக்கம், இரண்டுக்கும் இடையே முப்பது நாற்பது எழுத்துகள் வேறுபட்டால், ஒரே ஒழுங்கையில் ஒரே கிழமையில் விழுந்த நோயாளிகளாக இருந்தாலும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகவில்லை என்று அச்சமின்றிச் சொல்லலாம். பொய்யான தொடர்பை வெட்டி எறிவதில் இக்கருவிக்குள்ள துணிவு, மெய்யான தொடர்பை நிறுவுவதில் அதற்கு இல்லை. ஆனாலும் ஒரு கடைக்காரர்மீது ஊரே பழி சுமத்தும் நேரத்தில் அந்த வெட்டுக்குள்ள மதிப்பைப் பெரியப்பா உடனே பிடித்துக்கொண்டார். தம் காலத்தில் அப்படி வீணாகப் பழி சுமந்தவர்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொன்னார், பெயர் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இக்கிருமி மனிதரை விட்டால் வேறு விலங்கில் வாழ்வதில்லை. நோய் குணமான பின்னும் நூற்றில் சிலரின் பித்தப்பையில், குறிப்பாகப் பித்தக்கல் உள்ளவர்களிடத்தில், ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் நோய் கண்ட ஒருவரிடமிருந்து இன்று வெளியேறும் கிருமி, அன்றைய கிருமியிலிருந்து நாலைந்து எழுத்துகளே வேறுபட்டு மரத்தில் அதன் அருகிலேயே அமரலாம். இத்தகைய இணைப்பைக் கண்டால் காவியை, அதாவது நோயின்றிக் கிருமியைச் சுமப்பவரை, தேட வேண்டும் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தை மரம் தருகிறது, ஆளைத் தேடிப்பிடிப்பது மனிதர் வேலை. தவிர, இச்சேவை வரையும் மரம் அண்டை இணைப்பு என்ற விரைவான முறையில் வரையப்படுவது. உறவுகளை ஒரு பார்வையில் காண அது போதும். இந்தக் கிளை எந்த ஆண்டில் பிரிந்தது என்று காலக்கணக்குப் போட விரும்புபவர் தரவைப் பதிவிறக்கிக்கொண்டு வேறு மென்பொருளுக்குத்தான் போக வேண்டும்.

மரபணுவையும் தேசப்படத்தையும் சேர்த்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நிலைமைக்கு மிகக் கிட்டிய எடுத்துக்காட்டு காத்மண்டு. 2011இல் வெளியான அந்த ஆய்வில் நோயாளிகளின் வீடுகளை செய்மதி உதவியுடன் குறித்து, கிருமிகளை ஓரெழுத்து மாற்றங்களைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். முழுத் தொகுதியையும் படிக்கும் வசதி அன்று இவ்வளவு மலியவில்லை. நோயாளிகள் குறித்த சில இடங்களில் குவிந்திருந்தார்கள், ஆனால் அந்தக் குவியல்களுக்குள் கிருமிகள் பல வகையாக இருந்தன. ஒரே வீட்டு நோயாளிகளிடமே வேறு வேறு வகைகள் கிடைத்தன. தாழ்வான நிலத்திலும் பொதுக் கல்நீர்த்தாரைகளுக்கு அருகிலும் வசித்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. கைக்குக் கை தொற்றியிருந்தால் வீட்டுக்குள் ஒரே வகைதான் சுற்றியிருக்கும். பல வகைகள் கலந்து ஓரிடத்தில் குவிவதென்றால் பல மூலங்களின் கழிவு ஒரே நீரில் வந்து சேர்கிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் நிலத்தடி நீரையே நம்பி, ஒரே வளவுக்குள் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் வைத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டின் மட்டமும் ஒன்றாக ஏறுவதைப் பார்த்து வாழும் குடாநாட்டவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் வகைகளைப் பார்த்தால் ஒன்றா பலவா என்பதே, கடையைப் பார்ப்பதா கிணற்றைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு வழிகாட்டியிருக்கும்.

ஆனால் அந்த வகைகளை எங்கே பார்ப்பது? சேவையின் தேசப்படத்தில் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேசம், நேபாளம் எல்லாம் நெருக்கமாக நிறைந்திருக்க, இலங்கையில் புள்ளிகள் மிகக் குறைவு. இதைக் கண்டு, நம்மிடம் நோய் குறைவு என்று ஒரு மாணவர் முடிவுகட்டினார். தேசப்படம் காட்டுவது நோய் உள்ள இடத்தை அல்ல, வரிசைப்படுத்திப் பதிவேற்றிய இடத்தை. யாழ் மாவட்டமோ நாட்டில் நெடுங்காலமாக இந்நோய் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்று. தொற்றுநோயியல் பிரிவு கிழமைதோறும் வெளியிடும் அட்டவணையைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியும். செல்வந்த நாடுகளில் ஊர் திரும்பும் பயணிகளின் கிருமிகளை வரிசைப்படுத்துவதால், கண்காணிப்பு வசதி குறைந்த நாடுகளில் என்ன சுற்றுகிறது என்பது அந்தப் பயணிகள் ஊடாகத்தான் பல வேளைகளில் வெளியே தெரிகிறது. கோடை விடுமுறைக்கு வந்து மாமி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு இலண்டனில் காய்ச்சலில் விழும் ஒரு பிள்ளையின் இரத்தத்திலிருந்து நம்மூர்க் கிருமியின் விலாசத்தை அறிய வேண்டிய நிலை எனக்கு உவப்பானதாக இல்லை.

தனியுரிமை பற்றிக் கேட்பவர்களுக்காக: உள்நுழைந்து ஏற்றும் கோப்புகள் நாமாகப் பகிரும் வரை நம்முடனேயே இருக்கும், தெரிவுசெய்த தொகுப்பை மட்டும் ஓர் இணைப்பு வழியாகச் சக ஆய்வாளருக்குக் காட்டலாம். ஆனாலும் ஒரு சிறிய ஊரில் திகதியும் துல்லியமான இடமும் சேர்ந்தால் நோயாளி யார் என்று அயலவர் சொல்லிவிடுவார்கள். வீட்டு இடத்தைக் கொடுக்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் நடுப்புள்ளியைக் கொடுப்பதே முறை. இடைமுகம் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளது; ஆய்வுகூடத்தவருக்கு அது தடையன்று, கள உத்தியோகத்தர்களுக்குக் காட்டும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தமாக மரபணுத் தரவு எதுவும் இல்லாமல், எந்த நாட்டில் எந்த ஆண்டில் எந்த மருந்துக்கு எதிர்ப்பு ஏறியது என்று மட்டும் பார்க்க விரும்புபவர்கள், இதே தரவை வைத்து வரைபுகளாகக் காட்டும் டைபிநெட் பக்கத்துக்குப் போவது இலகு.

பரிந்துரை: வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலும் மருத்துவ பீடத்திலும் நுண்ணுயிரியல் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம், ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நோய்ப்பரவலைத் தேடும் சுகாதார அலுவலகத்துக்கு, கூடவே ஒழுங்கான கள விசாரணை இருந்தால் மட்டும் நாலு. தனிப்பட்ட நோயாளிக்கோ குடும்பத்துக்கோ இதனால் பயன் எதுவுமில்லை.

கொடுக்கும் புள்ளிகளை விட, ஏற்றுவதற்குக் கிருமி கிடைக்கிறதா என்பதே எனக்குப் பெரிய கவலை. இரத்த வளர்ப்புப் பரிசோதனை நூறு நோயாளிகளில் அறுபது பேரளவில்தான் கிருமியைப் பிடிக்கிறது. மருந்துக்கடையில் இரண்டு நாள் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்கிவிட்டு வருபவரிடம் அதுவும் குறைகிறது. கிருமியை வளர்க்காமல் இரத்தத்தில் அதற்கெதிரான பிறபொருளெதிரியை மட்டும் பார்க்கும் விடால் பரிசோதனை செய்து நேர்ப்பெறுபேறு எழுதி அனுப்பினால் வரிசைப்படுத்த அங்கே ஒன்றும் இருக்காது. பிடிபட்ட கிருமியும் அறிக்கை போனதும், நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஓட்டோகிளேவுக்குள் போய்விடுவதே பல இடங்களில் வழமை. நான் இப்போது செய்வது, வளர்ந்த ஒவ்வொரு டைபியிலும் ஒரு துளியைக் கிளிசரோல் சேர்த்து, திகதியும் பிரிவும் எழுதி, கடுங்குளிர்ப் பெட்டியில் ஒதுக்கி வைப்பது. இதுவரை பதினொரு குழாய்கள் சேர்ந்திருக்கின்றன.